வாங்கும்போது இருந்த மாதிரி

பவர் பட்டன அமுக்காதீங்க தம்பி. அமுக்குனா திரும்பவும் அந்த ஸ்கிரீனுக்குத்தான் போகும். ஒரு வாரமா அங்கயேதான் நிக்கிது. மேல ஏறவும் மாட்டேங்குது, அணையவும் மாட்டேங்குது. நீங்க நாலாவது கடை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தரு போர்டு போச்சுன்னு சொல்லிட்டாரு. இன்னொருத்தரு இத யாரு இப்படிப் பண்ணி வச்சதுன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லப் போறதில்ல. டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்கக் கூடாதும்பாங்க, அந்த வரிசையில உங்களயும் சேத்துக்கிட்டேன். நான்தான் பண்ணேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வாங்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கித் தரணும். உள்ள போட்ட ரூட்டு, அந்த கஸ்டம் ரெக்கவரி, எல்லாம் போகணும். பெட்டியப் பிரிச்சு அன்னிக்குத்தான் எடுத்த மாதிரி இருக்கணும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள. இல்லன்னா என் பொண்டாட்டி வீட்டுக்கு வர மாட்டா.

நீங்க வேலையப் பாருங்க, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். சும்மா உக்காந்திருக்க என்னால முடியல. சொல்லிக்கிட்டே இருந்தா கொஞ்சம் பரவாயில்ல.

என் பேரு சுடலைமணி. எட்டயபுரம் ரோட்டுல மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கேன். சுத்துப்பட்டுல எந்தக் கிணத்து மோட்டார் எரிஞ்சாலும் என்கிட்டதான் வரும். பழைய கம்பிய உருவிப் போட்டுட்டுப் புதுசு சுத்தி, வார்னிஷ் அடிச்சுக் காயவச்சுக் குடுத்தேன்னா இன்னும் பத்து வருசத்துக்கு ஓடும். அதான் இந்தப் போனயும் நானே சரி பண்ணிரலாம்னு நினைச்சேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். மாடல் ஒண்ணுதான், கடைசி எழுத்து மட்டும் வேற. அந்த வேற எழுத்துக்காரன் ஃபைல இதுல ஏத்திட்டேன். அதுலருந்துதான் இப்படி நடுவழியில நிக்கிது.

என்ன கேட்டீங்க? ஆமா, இது என் போனு இல்ல. பூங்கனி போனு. அவ அங்கன்வாடியில டீச்சர். ஆபீஸ்ல குடுத்தது. எந்தப் பிள்ளை வந்துச்சு, வரல, எத்தன கிலோ, எவ்வளவு உயரம், எல்லாம் இதுலதான் ஏத்தணும். மாசத்துல ஒரு நாள் எடை போடுவாங்க, அன்னிக்கு அந்தச் சின்னதுங்க தராசுல உக்காரவே உக்காராது. ஒண்ணு அழுகும், ஒண்ணு தராசயே இழுத்துக்கிட்டு ஓடும். இவ ஒவ்வொண்ணா மடியில வச்சுக் கொஞ்சிக் கொஞ்சி உக்கார வைப்பா. எங்களுக்குப் பிள்ளை இல்ல தம்பி. பதினோரு வருசம் ஆகுது.

ஏன் பண்ணேன்னுதானே கேக்கீங்க. பாசம்தான். வேற என்ன?

போன வருசம் ஒரு நாள் மதியம் போன் அடிக்கேன், பிஸி. திரும்ப அடிக்கேன், பிஸி. இருபத்திரண்டு நிமிசம். கையில கம்பி சுத்திக்கிட்டே அடிச்சேன், சுத்து எண்ணிக்கையே தப்பிப் போச்சு. சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "சூப்பர்வைசர் மேடம்தாங்க, முட்டைக் கணக்கு கேட்டாங்க"ன்னா. முட்டைக் கணக்குக்கு இருபத்திரண்டு நிமிசமா? நீங்களே சொல்லுங்க. அதுக்கு மேல நான் கேக்கல. நம்பிட்டேன். ஆனா மனசு கேக்கல. நம்பிக்கை வேற, மனசு வேற இல்லையா?

அப்புறம் வீடியோ பாத்தேன். போனுக்குள்ள ஒரு ஆப்பப் போட்டா அவ பேசுறது என் போனுக்கு வந்துரும், எங்க இருக்கான்னு ஒரு புள்ளி காட்டும். போட்டேன். பத்து நாள் ஓடுச்சு. போன் சூடாகுதுன்னு அவ ஆபீஸ்ல யார்கிட்டயோ கேட்டு எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் பண்ணிட்டா. ஆப்பும் போச்சு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல தம்பி. கண்ணு ரெண்டும் அவிஞ்ச மாதிரி ஆயிப் போச்சு. அதுக்கப்புறந்தான் ரூட்டுன்னு, போனோட அடி வரைக்கும் கை வைக்கிற வழி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். போன் எந்திரிக்கிறதுக்கு முன்னாலயே ஒரு ரெக்கவரி இருக்கு, கம்பெனிக்காரன் போட்டத எடுத்துட்டு நம்ம ரெக்கவரிய வச்சுட்டா, அது வழியா ஆப்ப அடிமண்ணுல பதிச்சிரலாம். அதுக்கப்புறம் எத்தன ரீசெட் பண்ணாலும் திரும்ப முளைச்சு வரும். உங்களுக்குத் தெரியாததா? எனக்கு அத படிக்க ஒன்றரை மாசம் ஆச்சு. எட்டாங்கிளாஸ் படிச்சவன் நான். கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

அதுக்கப்புறமும் ரெண்டு தடவ போன் சூடாச்சு. "ஏங்க, நீங்க மோட்டாரெல்லாம் பாக்கீங்களே, இத என்னன்னு பாருங்களேன்"னு என்கிட்டயே கொண்டு வந்து குடுத்தா. நான் அவ கண்ணு முன்னாலயே ரீசெட் பண்ணிக் குடுத்தேன். ரெண்டு தடவயும். "இப்பச் சரியாப் போச்சா?"ன்னேன். "சரியாப் போச்சுங்க"ன்னு வாங்கிட்டுப் போனா. பாருங்க, நான் எதுக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல. அவ கேட்டு நான் செய்யாத உதவி ஒண்ணு கிடையாது.

அடிச்சதில்ல தம்பி. பதினோரு வருசத்துல கைய ஓங்குனதில்ல. குடிக்க மாட்டேன். ஒரு கெட்ட வார்த்த வாயில வராது. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க.

அந்தக் கேபிள் சரியில்லையா? வேற போடுங்க. வேற போடுங்க.

எட்டு மாசம் கேட்டேன். கடையில ஒரு காதுல இயர்ஃபோன மாட்டிக்கிட்டு, சுத்திக்கிட்டே கேப்பேன். என்ன பேசுவா? எந்தப் பிள்ளைக்கு வயித்தால போகுது, எந்தப் பிள்ளை வெயிட்டு ஏறல, அவளோட அம்மாவுக்கு முழங்கால் வலி, மழை பேஞ்சா சென்டர்ல ஓடு ஒழுகுது. அவ்வளவுதான். ஒரு நாள் அவங்க அம்மாகிட்ட, "பனங்கிழங்கு திங்கணும் போல இருக்கும்மா"ன்னா. அன்னிக்குச் சாயங்காலமே நான் ஒரு கட்டுப் பனங்கிழங்கு வாங்கிட்டுப் போயி அவிச்சு வச்சேன். எந்தப் புருசன் தம்பி செய்வான்? அவ வந்து பாத்தா. பாத்துட்டு அப்படியே நின்னா. "இன்னிக்கு என்ன திடீர்னு?"ன்னு கேட்டா. "உன் மனசுல உள்ளது எனக்குத் தெரியாதா?"ன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். ஒரு துண்டு எடுத்து நாரு உரிச்சா, பாதி தின்னா, வச்சுட்டா. அதுக்கப்புறம் அவங்க அம்மாகிட்ட பேசுறதயே குறைச்சுட்டா. எனக்கு அது ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

அதுக்கு அப்புறம் ஒண்ணு நடந்துச்சு. அதத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு நினைச்சேன், நீங்க நாலு பேரப் பாக்கிறவங்க. போன சென்டர்லயே விட்டுட்டு வர ஆரம்பிச்சா. கேட்டா, சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டேன்பா. புள்ளி சென்டர்லயே நிக்கும். நாலு மணிக்குப் பூட்டுறா. நடந்தா அரை மணி நேரம். வீட்டுக்கு வாரது அஞ்சேகால். நடுவுல முக்கால் மணி நேரத்தக் காணோம். உங்களுக்கு எப்படி இருக்கும்?

நாலாவது நாள் கடையச் சாத்திட்டுப் பைக்க எடுத்துக்கிட்டுப் போயி ஓடைக்கு இந்தப் பக்கம் கருவேல மரத்துக்குள்ள நின்னேன். வந்தா. தனியாத்தான் வந்தா. கைய வீசி நடந்து வந்தா. பாலத்துக்கிட்ட வந்து நின்னா. நின்னு தண்ணியப் பாத்தா. தண்ணிகூட இல்ல தம்பி, பேருக்குக் கொஞ்சம் கசிஞ்சு போகுது. அதப் பாத்துக்கிட்டே நின்னா. ஏதோ பாட்டு முணுமுணுத்தா. யாராவது வருவாங்கன்னு பாக்கேன், பாக்கேன், ஒரு ஈ காக்கா வரல. அப்புறம் சேலைய ஒதறிக்கிட்டு வீட்டப் பாத்து நடந்துட்டா.

அவ்வளவுதான்! யாரயும் பாக்கல, யார்கிட்டயும் பேசல. அப்ப எதுக்குப் போன விட்டுட்டு வரணும்? இதத்தான் என்னால புரிஞ்சுக்க முடியல. போன் கையில இருந்தாலும் அந்த ஓடையப் பாக்கலாம்ல? பாட்டுப் பாடலாம்ல? நானா வேண்டாம்ங்கேன்? அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டேன், ஆபீஸ் பொருளு, தொலைஞ்சா நாமதான் பதில் சொல்லணும், தினமும் வீட்டுக்குக் கொண்டு வந்துரணும்னு. சரின்னா. மறுநாள்ல இருந்து கொண்டு வந்தா. அதுக்கப்புறம் நேரா நாலரைக்கு வந்துருவா. ஓடைப் பக்கம் போறதில்ல.

என்னது, எல்லாம் அழிஞ்சிருமா? படம், பேச்சு எல்லாமா? அழியட்டும் தம்பி. அழியட்டும். அதான வேணும். என்கிட்ட ஒரு காப்பி இருக்கு.

ஏன் நிறுத்திட்டீங்க?

அட, சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான். எட்டு மாசப் பேச்சு, வீட்டுல கம்ப்யூட்டர்ல கிடக்கு. அவ இல்லாத வீடு தம்பி. அவ போனதுலருந்து அதப் போட்டுக் கேட்டுக்கிட்டேதான் படுத்துக் கிடக்கேன். "அவனுக்கு இன்னொரு கரண்டி போடுங்கக்கா, பாவம்"னு சென்டர்ல சமைக்கிற ஆயாக்கிட்ட சொல்லுவா. அத மட்டும் எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. நீங்க போடுங்க, போடுங்க. மணி ரெண்டரை ஆகுது.

எப்படி மாட்டுனேன்னா, போன மாசம் ஆபீஸ் ஆப்ப புதுசாக்குனாங்க. எல்லார் போன்லயும் தொறக்குது, இவ போன்ல மட்டும் தொறக்கல. "இந்த போனில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது"ன்னு வந்து நிக்கிது. அன்னிக்கு ஆபீஸ்ல மாசக் கூட்டம். நாப்பது டீச்சர் உக்காந்திருக்காங்க. கம்ப்யூட்டர் பாக்கிற சார் வாங்கிப் பாத்தாராம். பாத்துட்டு, "அம்மா, நீங்க பேசுறத ரொம்ப நாளா வேற யாரோ கேட்டுக்கிட்டு இருக்காங்க. வீட்டுல யாரு போன எடுப்பா?"ன்னாராம். அத்தன பேர் முன்னாடி. கூட இருந்த டீச்சர்தான் அவ அண்ணன், எங்க மச்சான்கிட்ட இதெல்லாம் சொல்லியிருக்காங்க.

வீட்டுக்கு வந்தா. வழக்கம் போலச் சோறு வச்சா. ரசம் வச்சா. எனக்குப் போட்டா. நான் தின்னு முடிச்சுக் கை கழுவுற வரைக்கும் காத்திருந்துட்டு, "எத்தன மாசமா?"ன்னு கேட்டா. எட்டுன்னேன். பொய் சொல்லல. போன்ல இருந்து சிம்ம மட்டும் கழட்டுனா, போன மேஜை மேல வச்சா, பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. "ஏளா, எங்க போற?"ன்னேன். "அதான் தெரியும்ல, பாத்துக்கோங்க"ன்னா.

அவங்க அண்ணன் வீட்டுல இருக்கா. ஐயாத்துரை மச்சான் நல்ல மனுசன், கயத்தாறுல சைக்கிள் கடை. மறுநாளே போனேன். வாசல்ல நிக்க வச்சே பேசினாரு. நான் சொன்னேன், "மச்சான், உங்க தங்கச்சி சொக்கத் தங்கம். எட்டு மாசம் ஒரு சொல் விடாமக் கேட்டிருக்கேன். ஒரு தப்பு கிடையாது. எந்தக் கோயில்லயும் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுதேன்"ன்னேன். எவ்வளவு பெரிய வார்த்த! எந்தப் புருசன் இப்படி ஆதாரத்தோட சொல்லுவான்? அவரு கைய ஓங்கிக்கிட்டு வந்துட்டாரு தம்பி. அவரு பொண்டாட்டி, எங்க மைனிதான் குறுக்க வந்து புடிச்சாங்க.

அப்புறம் எட்டு நாளைக்கு முன்னால அவரே போன் அடிச்சாரு. "அந்தப் போன முதல்ல பழையபடி ஆக்கிக் கொண்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள. வாங்கும்போது இருந்த மாதிரி இருக்கணும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்"னாரு. அது கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. மத்ததப் பேசலாம்னா என்ன அர்த்தம்? கூட்டிட்டுப் போங்கன்னுதான அர்த்தம்? வீட்டக் கழுவி விட்டுட்டேன். அவ கொடியில போட்டுட்டுப் போன துணிய மடிச்சு வச்சிருக்கேன். பழைய கம்பிய உருவிட்டாப் போதும், மோட்டார் ஓடும்னு எனக்குத் தெரியும்.

வந்துருச்சா? தம்பி, கம்பெனி பேரு வருது! இதுதான், இதுதான் வாங்குன அன்னிக்கு வந்தது. மாத்துன போனுன்னு ஆரம்பத்துலயே வருமே, அந்த எச்சரிக்கை வரலையே? ரூட்டுக்காக நான் தொறந்த பூட்டயும் திரும்பப் போட்டாச்சா? ரெக்கவரியும் கம்பெனியோடதா? நீங்க நல்லா இருப்பீங்க. உங்க கைய குடுங்க. குடுங்க தம்பி, வெக்கப்படாதீங்க. கண்ணுல தண்ணி வருது, ஒண்ணும் நினைக்காதீங்க.

என்ன கேக்குது அது? பழைய அக்கவுண்டு பாஸ்வேர்டா? அது நான் அடிக்கேன். எனக்குத் தெரியும். அவ பேரு, கல்யாணம் ஆன வருசம்.

தப்புங்குதே. பெரிய எழுத்து சின்ன எழுத்து பாத்துத்தான அடிச்சேன்.

திரும்ப அடிக்கேன்.

"மூணு நாளைக்கு முன்பு மாற்றப்பட்டது"ன்னா? யாரு மாத்துனா? சிம்மு அவகிட்ட இருக்கே, வேற போன்ல போட்டு மாத்தியிருக்கா. அவளுக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்? சரி, நீங்க இதத் தாண்டிப் போக வழி இருக்கும்ல. இல்லயா? ஏன் மாட்டேங்கீங்க? அவளுக்குக் குடுக்கிறதுக்கு முன்னால உள்ள எல்லாம் சரியா ஓடுதான்னு நான் பாக்க வேண்டாமா? ஒரு தடவ. ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துட்டு மூடிர்றேன்.

அப்ப நீங்களே அவளுக்கு அடிச்சுக் கேளுங்க. என் நம்பரு அவ எடுக்க மாட்டா. கடைக்காரர்னு சொல்லி, பாஸ்வேர்டு மட்டும் கேளுங்க. நான் இங்க இருக்கேன்னு சொல்லாதீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் மூச்சு விட மாட்டேன்.

...

கேட்டேன் தம்பி. எல்லாம் கேட்டேன்.

நீங்க கடைக்காரர்னு சொன்னதுமே அவ மொத வார்த்தையே "அவரு பக்கத்துல இருக்காரா?"தான். இல்லன்னு சொல்லச் சொல்லிக் கைய ஆட்டுனேன். நீங்க என்னப் பாத்துக்கிட்டே இருக்காரும்மான்னுட்டீங்க. போகட்டும். பாஸ்வேர்டு கேட்டீங்க. அவ, "இப்ப அவரால அந்தப் போனத் தொறக்க முடியாதா?"ன்னா. "நீங்க மட்டுந்தாம்மா தொறக்க முடியும்"னீங்க. "நிச்சயமா?"ன்னா. ரெண்டு தடவ கேட்டா, நிச்சயமா, நிச்சயமான்னு. அப்புறம் ஒரு சிரிப்பு சிரிச்சா பாத்தீங்களா. எட்டு மாசத்துல அந்தச் சிரிப்ப நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல தம்பி.

"அப்படியே உங்க கடையிலயே வச்சிருங்கண்ணே. எங்க அண்ணன் வந்து வாங்கிக்குவாரு. அத ஆபீஸ்ல ஒப்படைச்சாத்தான் மாறுதல் ஆர்டர் கையில குடுப்பாங்க. திங்கக்கிழமை புது சென்டர்ல சேரணும்."

மாறுதலா? எப்ப எழுதிக் குடுத்தா? என்கிட்ட... இல்ல, மச்சான் மத்தத அப்புறம் பேசலாம்னுதானே சொன்னாரு. நீங்களும் கேட்டீங்கல்ல, நான் சொன்னத. அவ வருவான்னு அவரு சொல்லலயோ? நான்தான் அப்படி எடுத்துக்கிட்டேனா? ஒரு வாரமா சோறு தண்ணி இல்லாம கடை கடையா அலைஞ்சேனே, அவ வாரதுக்குன்னு. அவ போறதுக்கா இவ்வளவும் பண்ணியிருக்கேன்?

போனக் குடுங்க. பயப்படாதீங்க, உடைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கையில வச்சிருக்கேன். உடைச்சா ஆர்டர் வராதுல்ல? ஆர்டர் வரலன்னா போக முடியாதுல்ல? இல்ல, இல்ல, சும்மா சொன்னேன். பிடுங்காதீங்க தம்பி, நானே குடுக்கேன். இந்தாங்க. உள்ள வச்சுப் பூட்டிக்கோங்க.

தம்பி, எந்த ஊருன்னு சொன்னாளா? புது சென்டர்னு மட்டுந்தானே சொன்னா. நீங்க கேக்கலையா? இன்னொரு தடவ அடிச்சு எந்த ஊருன்னு மட்டும் கேளுங்களேன். நான் போக மாட்டேன். சத்தியமாப் போக மாட்டேன். வடக்கயா தெக்கயான்னு தெரிஞ்சாக்கூடப் போதும்.